பென்சில் கோடும் லிஃப்ட் இன்ஸ்பெக்டரும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரான அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே எனக்கும் தங்கள் தங்கைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பைத் தவிர மற்றவற்றைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம் என்பதால் அந்த ஒரு வரியை முதலிலேயே முடித்துக்கொள்கிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தேன். போன வாரம் "மச்சான், வீட்ல ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "விஷயம் கிடக்கட்டும் மாப்பிள்ளை, இதைக் கேளுங்க" என்று, எதிர்த்தரப்பு வக்கீலைத் தாங்கள் வாயடைக்க வைத்த கதையைச் சொன்னீர்கள். நல்ல கதை. கேட்டு முடித்தபோது ஃபோன் சூடாகியிருந்தது, நான் சொல்ல வந்தது ஆறிப்போயிருந்தது. அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் நன்றி. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தாங்கள் ஒழித்து அனுப்பிய நாவல் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. "எங்கள் வீட்டில் இவற்றைத் தொடுவார் இல்லை, இடத்தை அடைக்கிறது, தங்கச்சிக்குப் பொழுது போகட்டும்" என்று மேலே ஒரு சீட்டும் வைத்திருந்தீர்கள். தங்கச்சிக்குப் பொழுது நன்றாகவே போகிறது. வீட்டில் மற்றதெல்லாம்தான் நின்றுவிட்டது. நாவலைத் திறந்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க மேலே ஓர் உருளைக்கிழங்கை வைத்துவிட்டுத்தான் காய் நறுக்குகிறாள்; அந்த உருளைக்கிழங்கு எந்தச் சமையலிலும் சேர்வதில்லை, அது இப்போது முழுநேர நூலகப் பணியில் இருக்கிறது. முன்பெல்லாம் கடைக்குப் போய்வந்தால் கடைக்காரர் என்ன சொன்னார், வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் என்ன வாங்கினார், அதை ஏன் வாங்கியிருக்கக் கூடாது என்றெல்லாம் நான் கேட்காமலே சொல்லுவாள். நான் 'ம்' போடுவேன். எங்கள் குடும்பம் இத்தனை காலமும் அந்த 'ம்'மில்தான் ஓடியது. இப்போது ஒன்றும் சொல்வதில்லை. படித்த பக்கத்தையே திரும்பவும் படிக்கிறாள், கண்ணைக் கசக்கிக்கொள்கிறாள், நான் அறைக்குள் நுழைந்தால் புத்தகத்தை மூடிவிடுகிறாள். "என்ன?" என்றால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். என்னிடம் சொல்லாமல் கண் டாக்டரிடம் வேறு போய்வந்திருக்கிறாள்; கீழ்வீட்டுத் தையல்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அழுது அழுது கண்ணைக் கெடுத்துக்கொண்டாளோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் அதன் முன்னால் நின்று "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம். மேலே ஏறி இயந்திர அறையைத் திறந்து பார்ப்போம். அதே முறைப்படி, அவள் கடைக்குப் போகும் நேரங்களில் நானும் அந்த நாவல்களைத் திறந்தேன். என் அபிப்பிராயத்தைக் கேட்க இதுவரை யாரும் இல்லாததால் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். பச்சை அட்டை நாவலில் ஒரு காதலனும் காதலியும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு ஓர் அத்தியாயம் முழுக்கப் பேசுகிறார்கள். அந்த மாதிரி லிஃப்ட்டில் மேலே போய்ப் பிரேக்கைக் கையால் தளர்த்தினால் கூண்டு அடுத்த தளத்துக்கு வந்து நின்றுவிடும், அத்தனை பெரிய கட்டடத்தில் அதற்கு ஓர் ஆள் கூடவா இல்லை, ஆசிரியர் யாரையாவது விசாரித்திருக்கலாம். ஆனால் அந்தப் பையன் "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொண்டையைச் செருமுகிற இடத்தில், எவனாவது வந்து பிரேக்கைத் தொட்டுத் தொலைத்துவிடுவானோ என்று எனக்கே பதறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நீல அட்டை நாவலில் ஒரு பெரிய வீடு, வீடு நிறைய ஜனம், ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. மாமனார் மாடிப்படியில் நின்று பெருமூச்சு விடுகிறார், மருமகள் ஜன்னலில் நின்று பெருமூச்சு விடுகிறாள், மழை பெய்கிறது, அடுத்த அத்தியாயத்தில் இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். இதெல்லாம் ஒரு கதையா என்றுதான் படித்தேன். அந்த மாமனார் செத்துப்போன அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வயிறு சரியில்ல" என்று சொல்லிச் சமாளித்தேன்.

விஷயம் அதுவல்ல. புத்தகங்களில் அங்கங்கே பென்சிலால் அடிக்கோடு இருந்தது. மெல்லிய, நேரான கோடு. முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி. எங்கள் துறையில் சோதனைக்குப் போனால், குறை கண்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவோம். கோடு போட்டபின் பேச்சு கிடையாது. கட்டடக்காரர் அதைச் சரி செய்ய வேண்டும், நாங்கள் மறுபடி வந்து பார்த்துக் கோட்டை அழிப்போம். இரட்டைக் கோடு போட்டால் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். இப்போது கோடு போட்டது யார்? வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் போடவில்லை. வாயால் சொல்ல மனமில்லாமல் பென்சிலால் சொல்கிறாள், நாமும் வாயைத் திறக்காமல் ஒவ்வொன்றாகச் சரி செய்துவிட்டுக் கோட்டை அழித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு ரப்பர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் கோடு இது: "அவர் எப்போதும் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் இருந்தார், அவள் இத்தனை வருடமும் பரிமாறியது அந்தத் தாளுக்குத்தான்." நான் சாப்பிடும்போது பேப்பர் படிப்பவன் இல்லை, பேப்பர் படிக்கலாம் என்றால் பாதி நாள் கண்ணாடியே கிடைப்பதில்லை. ஆனாலும் கோடு என்றால் கோடுதான். பேப்பரை அடுத்த அறையில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். "என்னங்க, உப்பு கம்மியா?" என்றாள். இல்லை என்றேன். "கூடவா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சாப்பிட்டாள். நான் கோட்டை அழித்தேன்.

இரண்டாவது கோடுதான் எனக்குப் புரியவே இல்லை: "அவள் தொடங்கிய எந்த வாக்கியத்தையும் அவர் முடிக்க விட்டதில்லை." நான் பேசுவதே குறைவு, நான் எங்கே குறுக்கிட்டேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒருவேளை அந்த 'ம்' தவறான இடத்தில் விழுகிறதோ என்று அதையும் நிறுத்திவிட்டு, அவள் எது சொன்னாலும் முழுவதும் முடிந்ததா என்று சிறிது நேரம் காத்திருந்து அதற்குப் பிறகு பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அவள் குளித்துக்கொண்டே உள்ளிருந்து "பால் பொங்குது" என்றாள். பால் பொங்குது என்றால் அதற்குப் பிறகு ஏதாவது இருக்கும் அல்லவா, அணைங்க என்றோ, பாருங்க என்றோ. காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். பால் காத்திருக்கவில்லை. அடுப்பு, மேடை, மேடைக்குக் கீழே இருந்த டப்பாக்கள், தரை. ஈரத்தலையோடு வந்து பார்த்தவள் குனிந்து துடைத்தாள், திட்டியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும், நானும் துணியை எடுத்துக்கொண்டு துடைத்தேன். துடைத்து முடித்து, குறுக்கிடவில்லை என்ற வகையில் சோதனை திருப்தி என்று அந்தக் கோட்டையும் அழித்தேன்.

மூன்றாவது மீசை. "அந்த மீசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று." என் மீசை தங்கள் மீசையைப் போல வீட்டுக்குள் முதலில் நுழைந்து வழிகாட்டுகிற ரகம் இல்லை. இருந்தும் இல்லாத மாதிரி ஏதோ ஒரு மீசை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னோடு இருந்தது, யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை. எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு கீழே இறங்கினால் தையல்காரர் என்னைப் பார்த்து, "சார் மேல இருக்காரா?" என்கிறார். இருக்கிறார் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். தங்கள் தங்கை என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே கையிலிருந்த நாவலை உருளைக்கிழங்கின் மேல் வைத்தாள். அது எப்போதும் நேர்மாறாகத்தான் நடக்கும். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

அடுத்தது, "இந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி கூட இல்லை." சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை வாங்கிவந்து, வெளிச்சம் வரும் ஜன்னலோரம் போட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. சொன்னால் நான் புத்தகத்தைத் திறந்தது தெரிந்துவிடும். அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள், வந்தாள், ஒருமுறை கால் விரலை இடித்துக்கொண்டாள், உட்காரவில்லை. அளவெடுக்க வந்த தையல்காரர் அதில் உட்கார்ந்துவிட்டார். "அதுல வேண்டாம், எழுந்திருங்க" என்றேன். பாவம், மனுஷன் நின்றபடியே அளவெடுத்துவிட்டு நின்றபடியே போனார். அவர் தைத்துக்கொடுத்த சட்டை இறுக்கமாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் செய்திருந்தாலும் தப்பில்லை.

இதெல்லாம் போகட்டும் மச்சான். நான் பேனாவை எடுத்த காரணத்துக்கு வருகிறேன். பழுப்பு அட்டை நாவலின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. "அவள் பெட்டியை எடுத்தாள். எடுத்தபோது கை நடுங்கவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது." அந்த வரிக்குக் கீழே இரட்டைக் கோடு. நான் படித்தேன், திரும்பவும் படித்தேன், புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டுத் தங்கள் தங்கை, "பரண்ல இருக்கிற பெரிய பெட்டியைக் கொஞ்சம் இறக்கித் தர்றீங்களா" என்றாள். ஏணியைப் போட்டு இறக்கினேன். எங்கே என்று கேட்பதற்குப் பதில் தூசியைத் தட்டினேன். "ஒரு சக்கரம் சுத்த மாட்டேங்குது" என்றாள். அதையும் கழற்றி, துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, மாட்டிக் கொடுத்தேன். என்னைவிட்டுப் போகிற பெட்டிக்கு நானே உட்கார்ந்து சக்கரம் மாட்டியிருக்கிறேன் பாருங்கள். நன்றாக ஓடுகிறது. அவள் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். இந்த நாவல்கள் வந்ததற்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அழிக்காமல் இன்னும் ஒரே ஒரு ஒற்றைக் கோடு பாக்கி இருக்கிறது. அதே நாவல், அதே பக்கத்துக்கு முந்தின பக்கம்: "ஒருநாள், ஒரேயொரு நாள், 'நீ என்ன படிக்கிறே' என்று அவர் கேட்டிருந்தால் போதும், அவள் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்." பேப்பரை ஒளித்தேன், பாலைப் பொங்கவிட்டேன், மீசையை எடுத்தேன், இது மட்டும் என்னால் ஆகவில்லை. கேட்டால், ஏன் கேட்கிறீங்க என்பாள். படித்தேன் என்று சொல்ல வேண்டிவரும், கோட்டை அழித்ததையும் சொல்ல வேண்டிவரும், அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் சொல்வாள். அந்த எல்லாவற்றில் என்னென்ன இருக்குமோ என்று நினைத்து ரப்பரைப் பைக்குள்ளேயே போட்டுவிடுகிறேன். அறுந்த கம்பிவடத்தைப் பார்த்திருக்கிறேன், அப்போது கூட இப்படிப் பின்வாங்கியதில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. தங்கள் தங்கைக்கு இந்த உலகத்தில் போக்கிடம் என்றால் அண்ணன் வீடுதான். பெட்டியோடு அங்கே வந்து நின்றால், தாங்கள் வாதாட ஆரம்பிக்காமல் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். அவர் எல்லாவற்றையும் சரி செய்துகொண்டிருக்கிறார், பாக்கி ஒன்றுதான் என்று சொல்லுங்கள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒரு நாள் கூடப் போகாது. இதை அவளிடம் சொல்லத் தெரியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன். முடிந்தால், அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று நல்லபடியாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு புத்தகம் உண்டா, ஒரு முணுமுணுப்பு உண்டா, அவர்கள் வாயிலிருந்து எதிர்ப்பேச்சு ஒன்று நான் கேட்டதில்லை. தங்கள் வீட்டில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் அதற்கு அக்காவின் பொறுமைதான் காரணம்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். தங்களுக்குத் தீர்க்காயுளும், கட்சிக்காரர்களுக்கு வெற்றியும், எனக்குப் பழைய நிலைமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
லிஃப்ட் இன்ஸ்பெக்டர், ஓய்வு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அவள் கடையிலிருந்து வந்துவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம் போல நாவலை எடுத்தாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, "நீ என்ன படிக்கிறே?" என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீ கோடு போட்டிருக்கியே, அதெல்லாம் படிச்சேன்" என்றேன். "நானா? புத்தகத்துல கோடு போடற பழக்கம் எனக்கு எப்ப இருந்துச்சு? அது அண்ணி போட்டது. கடைசியில கொக்கி இருக்கு பாருங்க, எனக்குக் கடிதம் எழுதினாலும் முக்கியமான வரிக்கு அடியில இந்தக் கொக்கிதான்" என்றாள்.

மச்சான், தொடுவார் இல்லை என்று தாங்கள் அனுப்பிய பெட்டி முழுவதும் அக்கா படித்த புத்தகங்கள். உங்கள் தங்கை அழுததும், என்னிடம் பேசாமல் இருந்ததும் அக்காவை நினைத்து. "உங்ககிட்ட சொன்னா நீங்க உடனே அண்ணனுக்கு ரிப்போர்ட் எழுதிடுவீங்கன்னு சொல்லல" என்றாள். இந்தக் கடிதம் அப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கண் டாக்டரிடம் போனதும் என்னால்தான். "நேத்து இருந்த கோடு இன்னைக்கு இல்ல. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்ப மூளைதான் போயிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள். நான் ரப்பரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள், ரொம்ப நேரம் சிரித்தாள். "அப்ப மீசை?" என்று கேட்டேன். "அது அண்ணன் மீசைங்க" என்றாள். பெட்டியும் அண்ணியைப் பார்க்க வருவதற்குத்தான். புத்தகங்களைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் திறந்து வைத்து, பாருங்க அண்ணா என்று காட்ட இருந்தாளாம். நான் கடைசி இரண்டைத் தவிர எல்லாவற்றையும் அழித்து வைத்திருக்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். வாங்கி, முழுவதும் படித்தாள். அவள் இல்லாமல் ஒரு நாள் கூடப் போகாது என்று நான் எழுதிய இடத்தில் விரலை வைத்து, "இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். பிறகு, "கிழிக்காதீங்க. கோடு அழிச்ச வரியெல்லாம் இப்ப இதுலதான் இருக்கு. அண்ணி வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. நான் சொன்னா அண்ணன் முடிக்க விடமாட்டாரு. கடிதத்துல யாராலயும் குறுக்க பேச முடியாது. அனுப்புங்க" என்றாள். அனுப்புகிறேன். மேலே நான் எழுதியதில் 'நான்' என்று வருகிற இடத்தில் எல்லாம் உங்கள் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். அந்த இரட்டைக் கோட்டுக்கு எங்கள் துறையில் என்ன அர்த்தம் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை மட்டும் இன்னொரு தடவை பார்க்கவும்.

உங்கள் தங்கை வந்து சேரும் முன்னால் அக்காவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மீசையில் அவசரம் வேண்டாம், அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். கேள்வியைக் கேட்டபின், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை மட்டும் பேசாமல் இருங்கள். பால் பொங்கினால் பொங்கட்டும்.